வாரன்டி முடிந்த ஸ்டீயரிங்

எங்கள் பழைய சர்வீஸ் சென்டரில் வேலை பார்த்தவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. பெரும்பாலும் பிறந்தநாள் வாழ்த்தும் மழை எச்சரிக்கையும்தான் வரும். போன வாரம் அதில் ஒரு கேள்வி வந்தது. இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்து வாரன்டி பிரிவைப் பார்த்துக்கொள்ளும் பெண் கேட்டிருந்தார். "சார், வாரன்டி முடிஞ்சாலும் தயாரிப்புக் குறைன்னு தெரிஞ்சா கம்பெனிதான் சரிபண்ணித் தரணும்னு ஒரு பேச்சு ஓடுது. நீங்க என்ன நினைக்கிறீங்க? கொஞ்சம் எழுதிக் குடுங்க, புதுசா சேர்ந்தவங்களுக்குப் படிக்கக் குடுக்கிறேன்."

தர வேண்டும் என்று நினைக்கிறேன். ஒரு வரியில் முடிகிற பதில்தான். ஆனால் அந்த வரிக்கு நான் வந்து சேர்ந்த வழியைச் சொல்லாவிட்டால், ஓய்வு பெற்றவன் ஊர்ப் பணத்தில் தாராளம் காட்டுகிறான் என்று தோன்றும். அதனால் எழுதுகிறேன்.

நான் மெக்கானிக் அல்ல. படிப்பு முடித்ததும் தாம்பரத்தில் ஒரு வட்டாரப் பத்திரிகைக்குச் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன். தெருவிளக்கு, குடிநீர், ரயில்வே கேட். கண்ணால் பார்த்ததை ஒரு பத்தியிலும் பிறர் சொன்னதை வேறு பத்தியிலும் எழுத வேண்டும் என்பது அங்கே கற்ற பாடம். பத்திரிகை நின்றுபோனது. குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. சாலையிலிருந்த கார் சர்வீஸ் சென்டரில், பழுதைத் தெளிவாக எழுதத் தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். போய்ச் சேர்ந்தேன். கிளட்ச் எது, கியர்பாக்ஸ் எது என்று தெரிந்துகொள்ளவே ஒரு வருடம் ஆனது. அதன் பிறகு ஓய்வு பெறும்வரை அதே மேசைதான்.

வாரன்டி வேலை என்றால் என்னவென்று வெளியே பலருக்குத் தெரியாது. வாரன்டி காலத்தில் ஒரு பாகம் கெட்டால் அதை நாங்கள் மாற்றுவோம், செலவைக் கம்பெனி எங்களுக்குத் தரும். அதற்கு நான் மூன்று விஷயங்களை எழுதி அனுப்ப வேண்டும். வாடிக்கையாளர் சொன்னது என்ன, நாங்கள் பார்த்தது என்ன, செய்தது என்ன. கழற்றிய பாகத்தைத் துடைக்கக்கூடாது. எண்ணெய்ப் பிசுக்கோடு அட்டை கட்டி, பூட்டிய அறையில் அலமாரியில் வைக்க வேண்டும். கம்பெனி ஆள் வந்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஒப்புக்கொண்டால், அவர் கண் முன்னாலேயே சம்மட்டியால் உடைப்போம். கெட்ட பாகம் இன்னொரு வண்டிக்குள் போய்விடக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. என் மேசைக்குப் பின்னால் அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு நிம்மதி வரும்.

எங்கள் சர்வீஸ் மேனேஜர் ஜெயராஜ் சார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற அதே வெள்ளைச் சட்டையில்தான் திங்கட்கிழமை வண்டிக்கு அடியில் குனிவார். வண்டியைத் தொடும் முன் கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். ஒரு வண்டியில் ஏதோ சத்தம் வருகிறது, இழுக்கிறது என்று வாடிக்கையாளர் சொன்னால், எல்லா மேனேஜரும் சாவியை வாங்கித் தாமே ஓட்டிப் பார்ப்பார்கள். இவர் அவரையே ஓட்டச் சொல்லிவிட்டு, ஓட்டுபவருக்கு நேர் பின்னால் உட்காருவார். "கை எங்க இருக்கு, கண்ணு எங்க போகுதுன்னு பின்னாடி இருந்தாதான்ப்பா தெரியும்" என்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அவருக்குப் பயம் வந்தால் பேச்சு மெதுவாகும், அவ்வளவுதான். சொற்களுக்கிடையே இடைவெளி கூடினால், நாங்கள் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்ப்போம்.

கம்பெனி பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். முடிச்சூர்ப் பக்கம் வெள்ளம் வந்த வருடம், வாரன்டி முடிந்த ஒரு வண்டி எஞ்சின் இறுகிப்போய் வந்தது. பாகமே மட்டமானது, கம்பெனிதான் புது எஞ்சின் தர வேண்டும் என்று சொந்தக்காரர் சண்டை போட்டார். ஜெயராஜ் சார் முன்விளக்கைக் கழற்றி அவர் முன்னால் வைத்தார். கண்ணாடிக்குள்ளே சேறும் ஒரு நத்தையும் இருந்தன. "இவரும் கம்பெனியிலேர்ந்தே வந்தாரா சார்?" என்று நத்தையைக் காட்டிக் கேட்டார். வண்டிக்காரர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். இப்படிப்பட்டவர்கள் உண்டு. பிரேக் கட்டை தேய்வது, கிளட்ச் தேய்வது, டயர் தேய்வது எல்லாம் ஓட்டுபவர் கணக்கு. அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

லில்லி டீச்சரின் வண்டி தேய்ந்து கெட்டதல்ல.

லில்லி டீச்சர் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை. வீடு பீர்க்கன்கரணையில். தினமும் தன் காரில் சக ஆசிரியைகள் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு போய் வருவார். அவர் முதல்முறை வந்தபோது வாரன்டி முடியச் சில வாரங்கள் இருந்தன. சாயங்காலம் வீடு திரும்பும்போது ஸ்டீயரிங் திடீரென்று கல் மாதிரி இறுகுகிறது, ஒரு நொடியோ இரண்டு நொடியோ, பிறகு தானாகவே சரியாகிவிடுகிறது என்றார். ஸ்டீயரிங்கைத் திருப்ப மின்மோட்டார் உதவும் வகை வண்டி அது. மோட்டார் உதவாவிட்டால் சக்கரம் திரும்பும், ஆனால் முழு பலத்தையும் கொடுத்து இழுக்க வேண்டும்.

மெக்கானிக் பாபு ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தான். "பல்லாவரம் வரிக்கும் போய் வந்துட்டேன் சார். ஒண்ணியும் இல்ல. வெண்ணெ மாதிரி கீது." டேஷ்போர்டில் ஸ்டீயரிங் எச்சரிக்கை விளக்கு ஒருமுறை எரிந்ததற்கான குறியீடு வண்டியின் கணினியில் இருந்தது. அதை அழித்துவிட்டு வண்டியைக் கொடுத்தான்.

இங்கேதான் எங்கள் தொழிலின் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். சர்வீஸுக்கு வந்த வண்டியை முதலில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவோம். வரிசையில் நிறுத்துவோம். ஆறிய பிறகு வேலை பார்ப்போம். திருப்பிக் கொடுக்கும் முன், கணினியில் பதிந்திருக்கும் பழைய பழுதுக் குறியீடுகளையெல்லாம் அழித்துவிடுவோம். டேஷ்போர்டில் எந்த விளக்கும் எரியாமல் வண்டி வெளியே போக வேண்டும். வாடிக்கையாளருக்கு நாங்கள் காட்டும் மரியாதை அது. எல்லா சர்வீஸ் சென்டரிலும் அப்படித்தான். சூட்டில் மட்டும் தலைகாட்டும் ஒரு பழுதைக் குளிப்பாட்டி, ஆறவைத்து, அது வந்துபோன தடத்தையும் துடைத்துவிட்டு, ஒன்றுமில்லை என்று அனுப்பினோம்.

டீச்சர் இரண்டாம் முறை வந்தபோது வாரன்டி முடிந்திருந்தது. உடன் வந்துகொண்டிருந்த ஆசிரியைகள் பஸ்ஸுக்கு மாறிவிட்டார்கள் என்று சொன்னார். "அவங்க பயந்துட்டாங்க சார். எனக்குப் பயமில்லன்னு இல்ல. வீட்டுக்காரருக்குப் பார்வை சரியில்ல, வீட்டுல ஓட்டுறது நான் ஒருத்திதான்."

பாபு மீண்டும் சாவியை வாங்கப் போனான். ஜெயராஜ் சார் தடுத்தார். "நீ ஓட்டாத. கழுவவும் வேணாம். டீச்சர், நாளைக்கு ஸ்கூல் விடுற நேரத்துக்கு நாங்க ரெண்டு பேரும் அங்கயே வர்றோம். நீங்க தினமும் போற மாதிரி வீட்டுக்குப் போங்க. நாங்க கூட வர்றோம்."

"நீங்க ஓட்டுறீங்களா சார்?"

"இல்ல, நீங்கதான்."

"அதுவும் சரிதான். நீங்க ஓட்டினா அது நல்ல புள்ளையா நடந்துக்கும். இன்ஸ்பெக்டர் வர்ற அன்னைக்கு என் கிளாஸ் இருக்கிற மாதிரி."

மறுநாள் பள்ளி வாசலில் ஏறிக்கொண்டோம். நான் முன்னிருக்கையில், மடியில் பழுதுக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனர் கருவியோடு. அதன் கம்பி டேஷ்போர்டுக்கு அடியில் செருகியிருந்தது. ஜெயராஜ் சார் டீச்சருக்குப் பின்னால். மோதிரமும் கடிகாரமும் சட்டைப்பையில். வெயில் இன்னும் இறங்கவில்லை. வண்டி வெயிலிலேயே நாள் முழுக்க நின்றிருந்ததால் ஸ்டீயரிங்கை டீச்சர் கைக்குட்டையால் பிடித்துக்கொண்டார்.

தாம்பரம் மேம்பாலம் ஏறி இறங்குவதற்குள்ளேயே நெரிசல். இரும்புலியூர் வரை ஊர்ந்தோம். ஏசி முழு வேகத்தில் ஓடியது. ஸ்கேனரில் ஸ்டீயரிங் கட்டுப்பாட்டுப் பெட்டியின் வெப்பம் ஏறிக்கொண்டே போனது. அந்த எண்ணை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். என் வேலை அது. ஆனால் அது ஏறஏற, எனக்கு அது வண்டியின் சூடாகத் தெரியவில்லை, ஏதோ ஒன்று படியேறி வருவதுபோல் இருந்தது. மடியிலிருந்து கருவி இரண்டு முறை நழுவியது. டீச்சரிடம் பேச்சுக் கொடுக்கலாம் என்று பார்த்தால், அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது. ஜெபம் செய்கிறார் என்று புரிந்து பேசாமல் இருந்தேன்.

பெருங்களத்தூரை நெருங்கியபோது நெரிசல் சற்று விட்டது. வண்டிகள் வேகமெடுத்தன. "இடது பக்கமாவே போங்க டீச்சர். வேகம் வேணாம்" என்றார் ஜெயராஜ் சார். வீட்டுப் பக்கம் திரும்பும் வளைவு வந்தது. அங்கே ஒரு பஸ் நிறுத்தம். துணிக்கடைப் பைகளோடு பெண்கள் நின்றிருந்தார்கள். ஒருத்தி குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டிருந்தாள்.

டீச்சர் திருப்பினார். வண்டி திரும்பவில்லை.

சத்தம் எதுவும் வரவில்லை. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. டீச்சரின் தோள்கள் உயர்ந்து, இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் தொங்குவதுபோல் இழுப்பதைப் பார்த்தேன். வண்டி நேராக அந்தப் பெண்களை நோக்கிப் போனது. குழந்தை வைத்திருந்தவள் எங்களைப் பார்க்கவில்லை.

பின்னாலிருந்து குரல் வந்தது. மிக மெதுவாக. "டீச்சர். பிரேக். மட்டும். போதும்."

நின்றது. வண்டியின் மூக்குக்கும் அந்தப் பெண்களுக்கும் நடுவே ஒரு ஆள் நுழையலாம், அவ்வளவு இடம். பின்னால் வந்த பஸ் ஒலியெழுப்பியது. கண்டக்டர் படியில் தொங்கியபடி எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, நடுரோட்ல நின்னுகினு கோலம் போடுறியா? ஓட்டத் தெரிலன்னா வூட்ல குந்திக்க வேண்டிதான."

டீச்சர் ஸ்டீயரிங்கை லேசாக அசைத்தார். ஒரு விரலில் திரும்பியது.

"வண்டிய அணைக்காதீங்க" என்றார் ஜெயராஜ் சார். "மணி, என்ன வந்திருக்கு?" என்று என் பக்கம் குனிந்தார்.

"விழுந்திருக்கு சார்." ஸ்கேனரில் குறியீடு நின்றது. கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் இணைப்பு அறுந்து சேர்ந்ததைக் காட்டும் குறியீடு.

"அழிக்காத" என்றார்.

அங்கிருந்து ஜெயராஜ் சார் ஓட்டினார். டீச்சரை ஆட்டோவில் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, சூடு ஆறிவிடக் கூடாதென்று வண்டியை எங்கும் அணைக்காமல் குரோம்பேட்டைக்குக் கொண்டுவந்தோம். பெட்டியைத் திறந்து பார்த்தபோது, தொழிற்சாலையில் வைத்த பற்றவைப்பு ஒன்றில் மயிரிழை விரிசல். ஆறினால் ஒட்டிக்கொள்ளும், சூடானால் விலகும். அந்த விரிசல் வண்டி விற்ற நாளிலேயே அதற்குள் இருந்தது. முதல்முறை டீச்சர் வந்தபோதும் இருந்தது. அப்போது வாரன்டி இருந்தது. இப்போது இல்லை. இடையில் மாறியது தேதி மட்டும்தான்.

கம்பெனியின் பகுதி அதிகாரி விக்னேஷ் இளைஞர், மரியாதையானவர். பாகத்தைப் பார்த்தார். "சார், நீங்க சொல்றது எனக்குப் புரியுது. ஆனா எல்லாத்துக்கும் ஒரு முடிவு தேதி இருக்கணும் இல்ல? இல்லன்னா பத்து வருஷம் கழிச்சும் வந்து நிப்பாங்க."

"பத்து வருஷம் கழிச்சு இந்த விரிசல் தானா ஆறிடுமா தம்பி?" என்றார் ஜெயராஜ் சார்.

விக்னேஷ் பாகத்தை மேசையில் வைத்தார். "நல்லெண்ண அடிப்படையில கேட்டுப் பாக்குறேன்" என்றார்.

இந்த நல்லெண்ண ஏற்பாடு எல்லாக் கார் கம்பெனியிலும் ஏதோ ஒரு பெயரில் உண்டு. வாரன்டி முடிந்த வண்டிக்கும் சில சமயம் கம்பெனி செலவை ஏற்கும். கடமையாக அல்ல, கருணையாக. எல்லா சர்வீஸையும் எங்களிடமே செய்திருக்க வேண்டும். வாடிக்கையாளர் இதை வெளியே சொல்லக்கூடாது, குறை இருந்ததாகக் கம்பெனி ஒப்புக்கொண்டதாகவும் ஆகாது. லில்லி டீச்சருக்கு அது கிடைத்தது. புதுப் பாகம் வந்தது. பழையதைச் சம்மட்டியால் உடைத்தோம். அந்த முறை எனக்கு நிம்மதி வரவில்லை.

வண்டியை எடுக்க வந்த டீச்சர் கையெழுத்துப் போடும் முன் நிபந்தனையை முழுதும் படித்தார். பிறகு ஜெயராஜ் சாரிடம் கேட்டார். "எங்க ஸ்கூல்ல சுமதி டீச்சர் இதே வண்டி வெச்சிருக்காங்க சார். அவங்களுக்கும் சாயங்காலத்துல இறுகுதாம். கை வலின்னு நினைச்சு தைலம் தேய்ச்சிக்கிட்டு இருக்காங்க. நான் இதுல கையெழுத்துப் போட்டா அவங்ககிட்ட என்ன சொல்லணும்?"

"உங்களுக்கு என்ன கிடைச்சுதுன்னு சொல்லாதீங்க" என்றார் அவர். "வண்டிய ஆறவிடாம, அணைக்காம இங்க கொண்டு வரச் சொல்லுங்க. அதைச் சொல்லக்கூடாதுன்னு இதுல எழுதல."

சுமதி டீச்சர் வந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, கேட்டருகே வண்டியை நிறுத்திவிட்டு, இறங்கத் தயங்கி உட்கார்ந்திருந்தார். நான் ஸ்கேனரைச் செருகினேன். அதே குறியீடு. திறந்து பார்த்தபோது அதே இடத்தில் அதே விரிசல். அவர் வண்டிக்கும் வாரன்டி முடிந்திருந்தது.

விக்னேஷ் மூன்று முறை மேலே கேட்டார். அவர் கேட்டார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் சுமதி டீச்சர் இரண்டாவது வருடத்திலிருந்து சேலையூரில் வீட்டுக்குப் பக்கத்து மெக்கானிக்கிடம் ஆயில் மாற்றியிருந்தார். நல்லெண்ணத்துக்குத் தகுதி இல்லை என்று பதில் வந்தது. ஆயிலுக்கும் பற்றவைப்புக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று நான் எழுதினேன். அதற்குப் பதில் வரவில்லை. கூலி வேண்டாம் என்றார் ஜெயராஜ் சார். ஆனால் செலவில் பெரும்பகுதி பாகத்தின் விலைதான். "பையன் காலேஜ் ஃபீஸ் கட்டின மாசம் சார். இப்ப முடியாது" என்றார் சுமதி டீச்சர். பழுது இருப்பது தெரிந்தே சொந்தப் பொறுப்பில் எடுத்துச் செல்கிறேன் என்று எழுதிக் கையெழுத்திட்டார். சாவியை மறுக்க எங்களுக்கு உரிமை இல்லை.

அவர் கிளம்பும்போது ஜெயராஜ் சார் ஜன்னலருகே குனிந்தார். "மெயின் ரோடு வேணாம்மா. கேம்ப் ரோடு வழியா உள்ளயே போங்க. வீட்டுக்குப் போனதும் எனக்கு ஒரு மிஸ்டு கால் குடுங்க."

ஜெயராஜ் சார், பாபு, நான் மூன்று பேரும் வரவேற்பு மேசையைச் சுற்றி நின்றோம். வேறு வேலை இருப்பதாக யாரும் நடிக்கவில்லை. போன் அடித்ததும் பாபுதான் எட்டிப் பார்த்தான். வேறு யாரோ. மறுபடியும் காத்திருந்தோம். பிறகு அவருடைய அழைப்பு ஒருமுறை அடித்து நின்றது.

"இன்னைக்கு வந்துடுச்சு" என்றார் ஜெயராஜ் சார்.

அதன் பிறகு பள்ளி நாட்களில் தினமும் அந்த மிஸ்டு கால் வந்தது. அவரும் நிறுத்தச் சொல்லவில்லை, சுமதி டீச்சரும் நிறுத்தவில்லை. பள்ளி விடும் நேரமானால் எனக்கு வேலை ஓடாது. பாதி எழுதிய வாக்கியத்தை விட்டுவிட்டு ஜெயராஜ் சாருடைய அறைக் கண்ணாடியைப் பார்ப்பேன். அவர் போனை எடுத்துப் பார்த்துவிட்டு மேசையில் கவிழ்த்து வைத்தால் வாக்கியத்தை முடிப்பேன். விபத்தை நேரில் பார்த்தவர்களின் பயம் எனக்குத் தெரியாது. நடக்காத ஒன்றுக்காக நாள்தோறும் காத்திருக்கும் பயம் தெரியும். இதைச் சுமக்க வேண்டியது அந்தப் பாகத்தைச் செய்தவர்கள். சுமந்தது ஒரு டீச்சரும், சம்பளத்துக்கு வேலை பார்த்த நாங்கள் மூன்று பேரும்.

ஒருநாள் அழைப்பு வரவில்லை. ஜெயராஜ் சார் சிறிது நேரம் பொறுத்தார். பிறகு என்னை உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்தச் சொல்லி, அவரே எண்ணை அழுத்தினார். ஸ்பீக்கரில் போட்டார்.

எடுத்துவிட்டார். "சாரி சார், சொல்ல மறந்துட்டேன். வண்டிய வித்துட்டேன்."

எனக்கு மூச்சு வந்தது. ஜெயராஜ் சார் முகம் மாறவில்லை.

"யாருக்கும்மா?"

"ஆன்லைன்ல போட்டோம் சார். காலைல ஏசியே போடாம ஓட்டிப் பாத்தாங்க. நல்லா இருக்குன்னு எடுத்துக்கிட்டாங்க. வெளியூர்க்காரங்க. சின்னக் குழந்தைங்க ரெண்டு இருந்துச்சு."

"அவங்ககிட்ட." நிறுத்தினார். "ஸ்டீயரிங் பத்தி. சொன்னீங்களாம்மா?"

"சொன்னா யார் சார் வாங்குவாங்க?" என்றார் சுமதி டீச்சர். அழுகிறார் என்று தோன்றியது. போனை வைத்துவிட்டார்.

ஜெயராஜ் சார் என்னைப் பார்த்தார். வண்டி எண் என்னிடம் இருந்தது, எஞ்சின் எண்ணும் இருந்தது. வாங்கியவர் எங்கள் வாடிக்கையாளர் இல்லை. வாரன்டி இல்லை. கம்பெனிக்கு எழுதினேன், பார்த்தது ஒரு பத்தியில், கேட்டது ஒரு பத்தியில். பெற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தது.

அந்த வண்டி எங்கே ஓடுகிறது என்று எனக்குத் தெரியாது. வெயில் காலத்தில், சாயங்காலத்தில், இரண்டு குழந்தைகளோடு எங்கோ ஒரு வளைவில் அது திரும்புகிறது.